ஸொட்டெரோவில போட்ட சைட்டேஷன் எல்லாம் செத்துப்போச்சு, வெள்ளிக்கிழமை தீசிஸ் குடுக்கோணும்

கவலைக்காரி
திங்கள், இரவு 11:42

எல்லாருக்கும் வணக்கம், நீளமான போஸ்ட், மன்னிக்கோணும். நான் பகல்ல பம்பலப்பிட்டியில ஒரு ஒஃபிஸில வேலை, பின்னேரத்தில மாஸ்டர்ஸ் செய்யிறன். தீசிஸ் இங்கிலிஷ்ல, கொழும்பில வாடகைக்கு இருக்கிற குடும்பங்கள்ட வீட்டுச் செலவு பற்றி. வேர்ட்ல டைப் பண்ணி ஸொட்டெரோவால (எந்தப் புத்தகத்தில இருந்து எடுத்தது எண்ட சைட்டேஷனையும் கடைசி லிஸ்ட்டையும் தானாப் போடுற இலவச சொஃப்ட்வெயர்) சைட்டேஷன் போட்டுக்கொண்டு வந்தன், ஏபிஏ ஸ்டைல் (ஆசிரியர் பேரும் வருசமும் அடைப்புக்குள்ள வாறது), எல்லாம் நல்லாத்தான் போச்சு. போன கிழமை கூட்டாளி ஒருத்திக்கு இங்கிலிஷைக் கொஞ்சம் பாரடி எண்டு ஃபைலை அனுப்பினன், அவ திருத்தித் திருப்பி அனுப்பினா, அந்த ஃபைலிலயே நான் நாலாம் அத்தியாயத்துக்கு 12 புது சைட்டேஷன் சேர்த்தன். இண்டைக்கு ரெஃபரன்ஸ் லிஸ்ட்டைப் போடுவம் எண்டு பிப்ளியோகிராஃபி பட்டனை அமத்தினா அந்த 12 மட்டும்தான் வருது!! மிச்சம் 180உம் எங்க??

பந்திகளுக்குள்ள எல்லாம் அப்பிடியே இருக்கு, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்ல. ஒண்டு மட்டும் விசித்திரம். புள்ளிவிபரத் திணைக்களத்தின்ட ரெண்டு ரிப்போர்ட் ஒரே வருசம், 2018. முந்தி 2018ஏ, 2018பீ எண்டு ஸொட்டெரோவே பிரிச்சுப் போட்டது. இப்ப நாலாம் அத்தியாயத்தில வெறும் 2018 எண்டு வருது, ரெண்டாம் அத்தியாயத்தில பழைய ஏயும் பீயும் அப்பிடியே நிக்குது. ரிஃப்ரெஷ் அடிச்சாலும் அசையுதில்ல. மூண்டு கொப்பி பைண்ட் பண்ணி வெள்ளிக்கிழமை குடுக்கோணும், அழுகை வருது.

மருதானை_நானா
திங்கள், இரவு 11:58

அழாதீங்க புள்ள. ஒன்டு கேக்கிறன், ஒங்கட கூட்டாளி அந்த ஃபைல வேர்ட்லயா தொறந்த, இல்லாட்டி போன்லயோ கூகிள் டொக்ஸ்லயோவா?

கவலைக்காரி
செவ்வாய், 12:03

இப்பத்தான் மெசேஜ் போட்டுக் கேட்டன். கூகிள் டொக்ஸில திறந்து திருத்திட்டு டவுன்லோட் பண்ணி அனுப்பினவவாம். அதில என்ன பிரச்சின, டொக்எக்ஸ் ஃபைலாத்தானே வந்தது?

மருதானை_நானா
செவ்வாய், 12:31

அப்ப விளங்கிட்டு. நான் கொமினிகேஷன் கடையில தீசிஸ் செட் பண்ணிக் குடுக்கிறவன், வருசத்துக்கு நாலு அஞ்சு பேர் இதே கதையோட வருவாங்க, அதுவும் சப்மிட் பண்றதுக்கு மொதல் நாள் ராவு.

இப்ப ஒரு வேல செய்யுங்க. நாலாம் அத்தியாயத்தில நீங்க புதுசாப் போட்ட ஒரு சைட்டேஷன்ல கிளிக் பண்ணுங்க, பின்னால சாம்பல் நெறம் விழும். பொறகு ரெண்டாம் அத்தியாயத்தில ஒன்டுல கிளிக் பண்ணுங்க, ஒன்டும் விழாது. சாம்பல் விழுறது உசிரோட ஈக்கி, விழாதது வெறும் எழுத்து, நீங்க கையால அடிச்சதுக்கும் அதுக்கும் வித்தியாசமில்ல. எல்லாத்தையும் ஒரே தடவயில பாக்கணும்டா ஒல்ட்டும் எஃப்9உம் சேர்த்து அமத்துங்க, சில லெப்டொப்ல எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்கணும். உசிரோட ஈக்கிற எடமெல்லாம் (பெரேரா, 2016) போய் சுருள் அடைப்புக்குள்ள ஏட்இன் ஸொட்டெரோ ஐட்டம் என்டு தொடங்கி அர பக்கத்துக்கு கண்டபடி எழுத்து வரும். பயப்படாதீங்க, திரும்ப ஒல்ட் எஃப்9 அடிச்சா பழயபடி வந்துரும்.

அந்தக் கண்டபடி எழுத்துதான் சைட்டேஷன். புத்தகத்தின்ட பேர், ஆசிரியர், வருசம், ஒங்கட லைப்ரரியில அது எது என்ட நம்பர் எல்லாம் அதுக்குள்ளதான் ஈக்கி, வெளிய தெரியிற (பெரேரா, 2016) ஸொட்டெரோ அதப் பாத்து எழுதிவிடுறது. கூகிள் டொக்ஸ் வேர்ட் ஃபைலத் தொறக்கக்குள்ள வெளிய தெரியிறத மட்டும் எடுத்துக்கொண்டு உள்ள ஈக்கிறத விட்டுரும். ஒங்கட 180உம் அங்கதான் போன. ஏ பீ மாறாம நிக்கிறதும் அதாலதான், செத்தது மாறாது. புதுசாப் போட்டதுக்கு அந்த ஃபைல்ல வேற 2018 ஈக்கிறதே தெரியாது, அப்ப எதுக்கு எழுத்துப் போட்டு பிரிக்கப்போகுது.

கவலைக்காரி
செவ்வாய், 12:40

ஓம் நானா ஓம், ஒல்ட் எஃப்9 அடிச்சுப் பார்த்தன். நாலாம் அத்தியாயத்தில மட்டும் அந்தப் பூதம் வருது, மற்ற அத்தியாயங்களில ஒண்டுமே இல்ல. அப்ப 180ஐயும் திருப்பிப் போடோணுமா.. 😭

கையெழுத்து_கந்தையா
செவ்வாய், காலை 6:15

இதுக்குத்தான் நான் ஒரு சொஃப்ட்வெயரும் பாவிக்கிறேல்ல. 2009ல என்ர தீசிஸ் முழுக்கக் கையால அடிச்சன், பின்னால லிஸ்ட்டையும் கையால அடிச்சன், ஒரு பிழையும் இல்ல.

லேடெக்ஸ்_மச்சான்
செவ்வாய், காலை 7:02

நான் வழக்கமா சொல்றதத்தான் சொல்றேன், வேர்டுக்குப் பதிலா லேடெக்ஸ்ல எழுதியிருந்தா இந்தப் பிரச்சினையே வராது. சைட்டேஷன் கீ வெறும் எழுத்தா ஃபைல்லயே கிடக்கும், எவன் எதுல தெறந்தாலும் சாகாது. ஜீலாடெக்ஸ்னு அதுலயே ஒரு வகை இருக்கு, அதுல தமிழும் அழகா வரும்.

மருதானை_நானா
செவ்வாய், காலை 7:20

மச்சான், வெள்ளிக்கிழம குடுக்கணும் அந்தப் புள்ளைக்கு. வீடு எரியக்குள்ள வேற ஊர்ல காணி வாங்கச் சொல்றீங்க.

கந்தையா அண்ணன், ஒரு பிழையும் இல்லயா, இல்லாட்டி ஒருத்தரும் பாக்கல்லயா? 😄

நூலக_அக்கா
செவ்வாய், காலை 9:10

தங்கச்சி, 180ஐத் திருப்பிப் போடத் தேவையில்ல, பதறாதேங்கோ. கூட்டாளிக்கு அனுப்ப முந்தின ஃபைல் உங்களிட்ட இருக்கோ? ஈமெயில்ல சென்ட் ஐட்டம்ஸில கட்டாயம் இருக்கும், அட்டாச் பண்ணித்தானே அனுப்பினீங்கள். அதை எடுத்து டவுன்லோட் பண்ணித் திறவுங்கோ, ஒல்ட் எஃப்9 அடிச்சுப் பாருங்கோ, அதில 180உம் உயிரோட இருக்கும். இனி அதுதான் உங்கட தாய் ஃபைல். கூட்டாளி அனுப்பினது பார்த்து எழுத மட்டும்.

அடுத்தது, வேர்ட்ல ரிவியூ டெப்பில கொம்பெயார் எண்டு ஒண்டு இருக்கு. பழைய ஃபைலை ஒரிஜினல் எண்டும் கூட்டாளின்ட ஃபைலை ரிவைஸ்ட் எண்டும் குடுத்தால் எங்கெங்க என்ன மாறினது எண்டு சிவப்பில காட்டும். அதில அக்செப்ட் ஓல் அமத்திப்போடாதேங்கோ, அமத்தினால் செத்த சைட்டேஷனும் சேர்ந்து உள்ள வந்திடும். பக்கத்தில வைச்சுப் பார்த்து வசனத் திருத்தத்தை மட்டும் தாய் ஃபைலில கையால மாத்துங்கோ. இங்கிலிஷ் திருத்தம்தானே, ஒரு பின்னேர வேலை.

நாலாம் அத்தியாயத்துப் புதுப் பந்திகளை அப்பிடியே கொப்பி பண்ணித் தாய் ஃபைலில பேஸ்ட் பண்ணலாம். வேர்ட்ல இருந்து வேர்ட்டுக்குக் கொப்பி பண்ணும்போது உயிரோட இருக்கிற சைட்டேஷன் உயிரோடதான் வரும். பேஸ்ட் பண்ணும்போது கீப் டெக்ஸ்ட் ஒன்லி மட்டும் வேண்டாம், அது வெறும் எழுத்தாத்தான் போடும். எல்லாம் வந்தாப்பிறகு ரிஃப்ரெஷ் ஒருக்கா, 2018ஏ 2018பீ தானா வந்து குந்தும்.

கவலைக்காரி
செவ்வாய், காலை 9:34

அக்கா!!!! சென்ட் ஐட்டம்ஸில இருக்கு!!!! ஒஃபிஸில இருந்து ஒளிச்சுத் திறந்து பார்த்தன், 180உம் உயிர்.

பொரளை_பரிதி
செவ்வாய், காலை 10:05

இடையில பூறுறதுக்கு மன்னிக்கோணும், எனக்கும் இதே மாதிரித்தான், ஆனா பழைய ஃபைல் இருக்கு, லைப்ரரி இல்ல. லெப்டொப் பழுதாப்போச்சு, ஸொட்டெரோவில எக்கவுண்ட் போட்டு சிங்க் பண்ணவுமில்ல. ஈமெயிலில கிடக்கிற டொக்எக்ஸ் மட்டும்தான் மிச்சம். புத்தகமெல்லாம் திருப்பி ஏத்தவோ?

நூலக_அக்கா
செவ்வாய், காலை 10:40

இல்லை. நானா சொன்னாரே, சைட்டேஷனுக்குள்ளயே புத்தகத்தின்ட விபரம் இருக்கு எண்டு. அதைத் தோண்டி எடுக்க ரெஃபரன்ஸ் எக்ஸ்ட்ராக்டர் எண்டு இலவச வலைப்பக்கம் ஒண்டு இருக்கு, டொக்எக்ஸைக் குடுத்தால் உள்ளுக்க இருக்கிற அத்தனையையும் எடுத்து ஸொட்டெரோவுக்கு இம்போர்ட் பண்ணக்கூடின ஃபைலாத் தரும். உயிரோட இருக்கிற சைட்டேஷனில இருந்து மட்டும்தான் எடுக்கும். ஒரு விஷயம் கவனம், அப்பிடி இம்போர்ட் பண்ணினது லைப்ரரியில புது ஐட்டமாத்தான் ஏறும், பழைய ஃபைலில இருக்கிறதோட தானா இணையாது. பழைய சைட்டேஷன் ரிஃப்ரெஷ் ஆகும், ஆனா லைப்ரரியில திருத்தினால் அங்க தெரியாது. திருத்தோணும் எண்டால் அந்தச் சைட்டேஷனைத் திறந்து புது ஐட்டத்தால மாத்துங்கோ.

எக்கவுண்ட் இண்டைக்கே போடுங்கோ. பீடிஎஃப் வைக்க 300 எம்பிதான் இலவசம், ஆனா வெறும் விபரங்களை சிங்க் பண்ண அந்த அளவில ஒண்டும் குறையாது. 2022 மார்ச்சில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த நேரம் எத்தினை பேர் சேவ் பண்ணாத ஃபைலோட வந்து நிண்டவையள் எண்டு நான் பார்த்தனான்.

வத்தளை_டீச்சர்
செவ்வாய், மதியம் 1:22

நான் தமிழ் மீடியம் எம்எட் செய்றேங்க. ஆய்வறிக்கை பாமினி ஃபொன்ட்ல அடிச்சிருக்கேன், பத்து வருசமா பாமினிதான் கை பழக்கம். ஸ்கூல்ல ஒரு சேர் ஸொட்டெரோ போட்டுக் குடுத்தாரு. சைட்டேஷன் போட்டா (சில்வா, 2015) இங்கிலிஷ்ல வரவேண்டியது "ளுடைஎய" ன்னு வருது. வைரஸ்ஸாங்க?

மருதானை_நானா
செவ்வாய், மதியம் 1:50

😂😂 வைரஸ் இல்ல டீச்சர், அது சில்வாதான். பாமினியில நீங்க அடிக்கிறது உள்ளுக்க தமிழே இல்ல, எல்லாம் இங்கிலிஷ் எழுத்து, ஃபொன்ட்தான் மேல தமிழ் உருவத்தப் போட்டுக் காட்டுது. எஸ் இருந்தா ளு, ஏ இருந்தா ய. ஸொட்டெரோ இங்கிலிஷ் பேர அந்தப் பந்திக்குள்ள எழுதக்குள்ள அதுவும் பாமினி ஃபொன்ட்டதான் உடுத்துக்கும், அப்ப சில்வா ளுடைஎய ஆகும். தமிழ்ப் பேர யூனிகோட்ல (உள்ளுக்கயும் தமிழ் எழுத்தாவே ஈக்கிற முறை) ஏத்தி வெச்சிருந்தா அதுக்கும் பாமினி ஒத்துவராது, ஒரே பந்திக்குள்ள ரெண்டு மாதிரித் தமிழ் நிக்கும்.

கண்ட கண்ட எடத்தில ஃபொன்ட் மாத்திக்கொண்டிருக்காதீங்க, முழு ஆய்வறிக்கையையும் யூனிகோடுக்கு மாத்துறதுதான் வழி. ஒன்லைன்ல கன்வேர்ட்டர் நிறைய ஈக்கி. ஆனா அதில போடக்குள்ள பந்திக்குள்ள ஈக்கிற இங்கிலிஷ் சொல்லெல்லாம் தமிழ் என்டு நெனச்சு மாத்திப்போடும், இன்டர்நெட் என்டு நீங்க இங்கிலிஷ்ல அடிச்சது "ஐவெநசநெவ" என்டு வந்து நிக்கும். பழைய தமிழ் வெப்சைட்டுகள்ல கண்டிருப்பீங்க. அதால அத்தியாயம் அத்தியாயமா மாத்தி, இங்கிலிஷ் சொல் ஈக்கிற எடத்த மட்டும் பாத்துத் திருத்துங்க. சைட்டேஷன் போடுறது அதுக்குப் பொறகு. மொதல் சைட்டேஷன் போட்டுட்டுப் பொறகு கன்வேர்ட் பண்ணினீங்கன்டா அந்தக் கண்டபடி எழுத்தும் தமிழாகி, உசிரும் போய் சுத்தமா நாசம்.

வத்தளை_டீச்சர்
செவ்வாய், மதியம் 2:15

ஐயோ 140 பக்கம் நானா. சரிங்க, வேற வழியில்லன்னா செய்யத்தான் வேணும். இன்னொன்னு, மூணு பேர் எழுதின கட்டுரைக்கு 'எட் அல்' ன்னு இங்கிலிஷ்ல வருது. எங்க மேற்பார்வையாளர் தமிழ் ஆய்வுல 'மற்றும் பலர்' ன்னுதான் இருக்கணும்ங்கிறாரு.

நூலக_அக்கா
செவ்வாய், பின்னேரம் 4:48

டீச்சர், அதைக் கையால அடிச்சு மாத்தாதேங்கோ. மாத்தினால் அடுத்த ரிஃப்ரெஷில ஸொட்டெரோ "இதை நீங்க மாத்தியிருக்கிறீங்கள், அப்பிடியே வைச்சிருக்கவோ" எண்டு கேக்கும். ஓம் எண்டால் அந்தச் சைட்டேஷன் பூட்டிக்கொள்ளும், பிறகு வருசத்தைத் திருத்தினாலும் அதில ஏறாது.

ஸொட்டெரோ, அதே மாதிரியான மென்டலி ரெண்டுமே சீஎஸ்எல் எண்ட ஸ்டைல் ஃபைலைத்தான் பாவிக்கிறது, பத்தாயிரத்துக்கு மேல ஸ்டைல் இலவசமா இருக்கு. அது வெறும் எழுத்து ஃபைல், நோட்பேட்லயும் திறக்கலாம். ஏபிஏ ஸ்டைலைத் திறந்து லொக்கேல் (மொழிச் சொற்கள்) பகுதியில எட் அல் எண்ட சொல்லுக்கு "மற்றும் பலர்" எண்டு குடுத்தால் முழு ஆய்வுக்கும் ஒரே தரத்தில மாறும். கட்டாயம் அந்த ஃபைலுக்கு வேற பேரும் மேல இருக்கிற ஐடிக்கு வேற ஐடியும் குடுத்துச் சேவ் பண்ணுங்கோ, பழைய பேரில விட்டால் ஸொட்டெரோ ஸ்டைலை அப்டேட் பண்ணேக்க உங்கட மாற்றம் பறந்திடும். குறை ஒண்டு இருக்கு, இங்கிலிஷ் கட்டுரைக்கும் தமிழ்க் கட்டுரைக்கும் வேற வேறயாக் குடுக்க ஏலாது, பெரேராவுக்குப் பின்னாலயும் மற்றும் பலர் எண்டுதான் வரும். தமிழ் ஆய்வில அது பிழையாப் படாது எண்டு நான் நினைக்கிறன், மேற்பார்வையாளரை ஒருக்காக் கேளுங்கோ.

லிஸ்ட்டில இங்கிலிஷ் பேர் முதல் வந்து தமிழ்ப் பேர் கடைசியில நிக்கும். தமிழ் முதல் வேணும் எண்டால் எல்லாம் முடிஞ்சாப்பிறகு கொப்பி ஒண்டில கையால மாத்துங்கோ.

கவலைக்காரி
செவ்வாய், இரவு 10:20

திரும்ப நான்தான். ரெண்டு அத்தியாயம் முடிச்சிட்டன், அக்கா சொன்ன மாதிரி கொம்பெயார் பண்ணிப் பார்த்துப் பார்த்து. ஆனா லிஸ்ட்டைப் போட்டுப் பார்த்தா வேற கூத்து. மத்திய வங்கின்ட ஆண்டறிக்கை பந்திக்குள்ள (லங்கா, 2019) எண்டு வருது, லிஸ்ட்டில "லங்கா, சீ. பீ. ஒஃப் எஸ்." எண்டு ஆரோ ஒரு வெள்ளைக்காரன் மாதிரி நிக்குது. இவ்வளவு நாளும் நான் கவனிக்கவேயில்ல, சுப்பர்வைசரும் கவனிக்கேல்ல 🙈

மருதானை_நானா
செவ்வாய், இரவு 10:31

லங்கா மாஸ்டர் கொழும்புல ஈக்கிற பாதி தீசிஸ்ல ஈக்கிறாரு 😂

நூலக_அக்கா
செவ்வாய், இரவு 11:15

இது எங்கட ஊரில மெத்தப் பெரிய பிரச்சினை, கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், மற்றவைக்கும் உதவும். கூகிள் ஸ்கொலர் மாதிரி இடங்களில இருந்து எடுத்தால் சொஃப்ட்வெயர் கடைசிச் சொல்லைச் சர்நேம் எண்டு நினைக்கும். சென்ட்ரல் பேங்க் ஒஃப் ஸ்ரீ லங்காவில கடைசிச் சொல் லங்கா. ஸொட்டெரோவில ஆசிரியர் பேருக்குப் பக்கத்தில சின்ன ஐகன் ஒண்டு இருக்கும், அமத்தினால் ரெண்டு பெட்டி ஒண்டாகும், முழுப் பேரையும் அதுக்க அடியுங்கோ. எண்ட்நோட் எண்ட இன்னொரு சைட்டேஷன் சொஃப்ட்வெயர் பாவிக்கிறவை பேருக்குப் பின்னால ஒரு கொமா போடோணும். வேர்ட்டின்ட சொந்த சைட்டேஷன் வசதியில கோர்ப்பரேட் ஓதர் எண்டு ஒரு டிக் பெட்டி இருக்கு.

அடுத்தது ஆக்கள்ட பேர். எங்கட ஆக்களுக்குச் சர்நேம் இல்ல, முன்னுக்கு நிக்கிற எழுத்து அப்பாட பேர். கா. சிவத்தம்பியில கா எண்டது கார்த்திகேசு, அவரின்ட தகப்பன். அப்ப சர்நேம் எண்ட பெட்டியில சிவத்தம்பி, மற்றப் பெட்டியில கார்த்திகேசு. வெளிநாட்டு டேட்டாபேஸ் சிலதில தலைகீழாக் கிடக்கும், அப்பிடியே எடுத்தால் (கார்த்திகேசு, 1981) எண்டு அவற்ற அப்பா புத்தகம் எழுதினதா வரும். அதோட ஒரு புத்தகத்தில கா. எண்டும் இன்னொரு புத்தகத்தில கார்த்திகேசு எண்டும் போட்டிருந்தால் ஸொட்டெரோ ரெண்டு வேற ஆள் எண்டு முடிவெடுத்துப் பந்திக்குள்ள முதலெழுத்தோட காட்டும். பந்திக்குள்ள திடீரெண்டு ஒருத்தர் மட்டும் இனிஷியலோட நிக்கிறார் எண்டால் நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான் காரணம், லைப்ரரியில போய் ரெண்டையும் ஒரே மாதிரி ஆக்குங்கோ, ஃபைலில கை வைக்காதேங்கோ.

கே. எம். டி சில்வாவுக்கு சர்நேம் பெட்டியில டி சில்வா எண்டு சேர்த்துப் போடுங்கோ. லிஸ்ட்டில டி எழுத்திலதான் வரோணும். வெறும் சில்வா எண்டு போட்டுப் பிறகு டி எழுத்துக்குக் கீழ தேடிக்கொண்டு நிக்கிறவை இருக்கினம்.

கவலைக்காரி
புதன், காலை 8:50

அக்கா நன்றி, லங்கா மாஸ்டர் போயிட்டார். இன்னொரு சந்தேகம், "சிவத்தம்பி (சிவத்தம்பி, 1981) சொல்லுறது போல" எண்டு வசனத்துக்குள்ள ரெண்டு தரம் வருது. நான் இவ்வளவு நாளும் உள்ளுக்க இருக்கிற பேரை பேக்ஸ்பேஸால அழிச்சுக்கொண்டிருந்தன்..

பொரளை_பரிதி
புதன், காலை 9:12

அது தெரியும். சைட்டேஷன் போடுற பெட்டியில அந்தப் பேருக்கு மேல கிளிக் பண்ணினா ஒரு சின்ன மெனு வரும், அதில ஓமிட் ஓதர் எண்டதை டிக் பண்ணுங்கோ. பழைய வேர்ஷனில சப்ரெஸ் ஓதர் எண்டு இருக்கும். பேரை நீங்க வசனத்தில அடிக்கோணும், அது (1981) மட்டும் போடும். பக்க நம்பரும் அதே மெனுவிலதான் குடுக்கோணும், வெளியில அடிச்சா அடைப்புக்குறிக்கு வெளியில தொங்கும். எண்ட்நோட்டில ஆசிரியர் பேரும் வருசமும் சேர்த்து வசனத்துக்குள்ள போடுறதுக்கே ஒரு தெரிவு இருக்கு, அந்த விஷயத்தில அது கெட்டி. ஆனா டொலர் விலையில அதை ஆர் வாங்கிறது.

கையெழுத்து_கந்தையா
புதன், மதியம் 12:30

இவ்வளவு பாடுபடுறதுக்குக் கையால அடிக்கிறது லேசெண்டு இப்பவும் சொல்லுவன்.

கவலைக்காரி
புதன், மதியம் 12:44

கந்தையா அண்ணா, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இண்டைக்குக் காலம சுப்பர்வைசர் சொல்லுறார், தனக்கு ஏபிஏ ஆறாம் பதிப்புத்தான் வேணுமாம், ஏழு இல்லையாம். ஹேண்ட்புக்கில வெறும் ஏபிஏ எண்டுதான் இருக்கு, எத்தினையாம் பதிப்பு எண்டு இல்ல. 192 சைட்டேஷன். கையால எண்டா நான் இப்ப என்ன செய்யிறது?

கையெழுத்து_கந்தையா
புதன், மதியம் 12:52

ம்ம்.

நூலக_அக்கா
புதன், மதியம் 1:30

டொகியுமென்ட் ப்ரிஃபரன்ஸஸில போய் ஏபிஏ ஆறாம் பதிப்பைத் தெரிவு செய்யுங்கோ, லிஸ்ட்டில இல்லாட்டி ஸ்டைல் ரிப்போசிட்டரியில இருந்து எடுக்கலாம். ஓகே அமத்தினால் நிமிஷக்கணக்கில முடிஞ்சுது. பெரிய ஃபைல் எண்டபடியா கொஞ்சம் யோசிக்கும், இடையில மூடிப்போடாதேங்கோ.

மாறினாப்பிறகு கண்ணால பார்க்கவேண்டியது இதுதான். ஏழாம் பதிப்பில, 2019 ஒக்டோபரில வந்தது அது, மூண்டு பேரோ அதுக்கு மேலயோ எண்டால் முதல் தரமே எட் அல். ஆறாம் பதிப்பில மூண்டில இருந்து அஞ்சு பேர் வரை முதல் தரம் எல்லாப் பேரும் வரோணும், ரெண்டாம் தரத்தில இருந்துதான் எட் அல். லிஸ்ட்டில பதிப்பகத்துக்கு முன்னால ஊர்ப் பேரும் வேணும், ஏழில அது இல்லாமப்போனது. நீங்க லைப்ரரியில ஊரைப் போடாம விட்டிருந்தால் ஸ்டைல் மாத்தினாலும் வராது, ஸொட்டெரோவுக்கு எப்பிடித் தெரியும் கொழும்போ சென்னையோ எண்டு. அதை மட்டும் ஒவ்வொண்டாப் பாருங்கோ.

என்ர மனசில பட்டதையும் சொல்லுறன், ஹேண்ட்புக்கில பதிப்பு இல்லாட்டி எழுதத் தொடங்க முந்தியே சுப்பர்வைசரிட்ட ஈமெயிலில கேட்டு பதிலை வைச்சிருக்கோணும். வாயால கேட்டால் மறந்திடுவினம்.

சரித்திரப்பிள்ளை
புதன், இரவு 7:40

ஃபுட்நோட்டில எழுதுறவைக்கும் இது பொருந்துமா? எங்கட பகுதியில சிகாகோ ஸ்டைல். இபிட் இபிட் (மேல சொன்ன அதே புத்தகம் எண்டது) எண்டு போட்டு வைச்சிருக்கிறன், பந்தியை மேல கீழ மாத்தினா இபிட் ஆற்றை எண்டே தெரியாமப் போகுது.

பொரளை_பரிதி
புதன், இரவு 8:05

ஸொட்டெரோவால போட்டா பந்தியை எங்க மாத்தினாலும் அதுவே கணக்குப் பார்த்துத் திருத்தும். ஆனா சிகாகோ 17ஆம் பதிப்பே இபிட்டை விட்டிட்டு ஆசிரியர் பேரும் சுருக்கத் தலைப்பும் போடச் சொல்லுது, பகுதியில கேட்டுப் பாருங்கோ. ரீட் அவெனியூ தேசிய சுவடிக்கூடத்தில எடுத்த கையெழுத்துப் பிரதி எண்டால் ஐட்டம் டைப்பை மனுஸ்கிரிப்ட் எண்டு குடுத்து சுவடி இலக்கத்தையும் போடுங்கோ. புத்தகம் எண்டு போட்டா பதிப்பகம் எங்க எண்டு லிஸ்ட் அந்தரிக்கும்.

கவலைக்காரி
வியாழன், பின்னேரம் 5:55

192உம் உயிர், ஆறாம் பதிப்பு, ஏ பீ சரி, லங்கா மாஸ்டர் இல்ல. ஊர்ப் பேர் 31 புத்தகத்துக்கு இல்லாமக் கிடந்தது, ஒஃபிஸில லீவு போட்டுட்டு ஒவ்வொண்டாப் போட்டன். இனி பிரிண்ட். கடையில குடுக்க முந்தி அன்லிங்க் சைட்டேஷன்ஸ் அமத்தோணுமா? கூட்டாளி அமத்தச் சொல்லுறா.

மருதானை_நானா
வியாழன், பின்னேரம் 6:10

அமத்தவே வேணாம்! அன்லிங்க் பண்றதும் கூகிள் டொக்ஸ் செஞ்சதும் ஒன்டுதான். ஜேர்னலுக்கு அனுப்பக்குள்ள சில எடத்தில கேப்பாங்க, அப்பவும் சேவ் ஆஸ் குடுத்து ஒரு கொப்பியில மட்டும்தான். பைண்டிங்குக்கு ஒங்கட லெப்டொப்லயே பீடிஎஃப் எடுத்து அதக் குடுங்க. எங்கட கடைக்கு வேர்ட் ஃபைலக் கொண்டுவந்தா எங்கட மெஷின்ல ஈக்கிற வேர்ட்டு பழசு, ஃபொன்ட்டும் இல்லாம பக்கமெல்லாம் நகரும், பொறகு பொருளடக்கத்தில 45 என்டு ஈக்கும், அத்தியாயம் 47ல ஈக்கும். நானே கடைக்காரன், நானே சொல்றன்.

அந்தக் கூட்டாளிக்கு இனி ஃபைல் குடுத்தா பீடிஎஃப்தான் குடுக்கணும் 😄 வேர்ட்தான் வேணும் என்டா கொமன்ட் மட்டும் போடச் சொல்லுங்க. கூகிள் டொக்ஸ்லதான் செய்வன் என்டு ஒத்தக்கால்ல நின்டா டொகியுமென்ட் ப்ரிஃபரன்ஸஸ்ல வேற வேர்ட் ப்ரொசஸருக்கு மாத்துறதுக்கு ஒரு பட்டன் ஈக்கி, அதால மாத்திட்டு அனுப்பினா உசிர் போகாது.

வத்தளை_டீச்சர்
வியாழன், இரவு 9:30

நான் ரெண்டு அத்தியாயம் யூனிகோடுக்கு மாத்திட்டேங்க. சில்வா சில்வாவாவே வர்றாரு. ஆனா 'ஐவெநசநெவ' இன்னும் மூணு எடத்துல இருக்கு, தேடிக்கிட்டே இருக்கேன்.

கவலைக்காரி
வெள்ளி, மதியம் 2:18

குடுத்திட்டன்!!!! மூண்டு கொப்பியும். வெள்ளவத்தையில பைண்ட் பண்ணினன். முதுகில பொன் எழுத்தில பேர் போடுறதுக்கு கடைக்காரர் "மிஸ், சர்நேம் எது?" எண்டு கேட்டார். அப்பாட பேரைச் சொல்லுறதா என்ர பேரைச் சொல்லுறதா எண்டு ரெண்டு நிமிஷம் முழிச்சுக்கொண்டு நிண்டு, கடைசியில சிவத்தம்பிக்குப் போட்ட மாதிரியே போடச் சொன்னன்.

நூலக_அக்கா
வெள்ளி, மதியம் 3:05

சரிதான் தங்கச்சி, இங்க கட்டலொக்கில ஏத்தேக்கையும் அப்பிடித்தான் ஏத்துவன்.